மூன்றாம் நம்பர் நிறம்

"இரண்டாம் நம்பரோ? இதென்ன வீடோ ஆஸ்பத்திரியோ? உந்த நிறத்தை அடிச்சால் நான் வாசலுக்கே வரமாட்டன்!"

கீழ் வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

நாலாம் மாடி யோகராஜ் விடுவாரா? "அன்ரி, நீங்கள் சொல்லுற ஒண்டாம் நம்பரைக் கடல் பக்கம் போய்ப் பாருங்கோ. மஞ்சள் தண்ணி ஊத்தின மாதிரிக் கிடக்கு. றோட்டாலை போற சனம் கலியாண மண்டபமெண்டு நினைச்சு உள்ளுக்கு வந்திடும்."

வெள்ளவத்தையில் அந்தத் தொடர்மாடியின் பதினாறு வீட்டுக்காரர்களும் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டடத்துக்கு வெளியே என்ன நிறம் அடிப்பது என்று இது நாலாவது கூட்டம். பெயின்ற் வேலையை எடுத்த இராமர் தூணோடு சாய்ந்து நின்று, பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டனிலிருந்து அவர் கூட்டி வந்த ஆறு பேர் ஐந்து நாட்களாக மொட்டை மாடியில் சீட்டு விளையாடுகிறார்கள். சாரக்கட்டு கட்டியாகிவிட்டது. சுவர் கழுவியாகிவிட்டது. நாளை விடிந்ததும் தூரிகையைத் தொடாவிட்டால் நுகேகொடையில் வேறு வேலைக்குப் போய்விடுவோம் என்று ஆறு பேரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆட்கள் போனால் வேலையும் போய்விடும். இருபது வருடம் மற்றவர்களுக்குக் கீழே பெயின்ற் அடித்தவர், சொந்தமாகப் பேசிப் பிடித்த முதல் கட்டடம் இது.

நிற அட்டையைக் காட்டியபோது பதினாறு வீடும் பதினாறு நிறம் சொன்னது. ஆகவே நேற்று இராமர் தானே ஒரு வழி செய்தார். கடல் பக்கச் சுவரில் மாதிரிக்கு ஒரு சதுரம், சந்துப் பக்கம் ஒரு சதுரம், பின்னால் மாமரத்தடியில் ஒரு சதுரம். பக்கத்தில் கரியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியும் வைத்தார்.

"மூண்டாம் நம்பர் எப்பிடி?" என்று மெல்லக் கேட்டார் தொடர்மாடிச் சங்கத் தலைவர் சவுந்தரநாயகம்.

"அது பச்சையடிக்குது, சேர். பாசி பிடிச்ச மாதிரி," என்றார் யோகராஜ்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. கண்ணுக்குக் குளிர்மை," என்றாள் இரண்டாம் மாடி சாமினி. அவளை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் திரும்பினார். "இராமர், நீர் சொல்லும். எது நல்லது?"

"எல்லாமே நல்ல பெயின்ற்தாங்கம்மா. எதை எடுத்தாலும் மழைக்குத் தாங்கும்."

"இவரைக் கேட்டன் பாருங்கோ!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இராமரின் தொலைபேசி அடித்தது. மொட்டை மாடியிலிருந்துதான். "அண்ணே, பையக் கட்டவா?"

"அர மணித்தியாலம் பொறுங்கடா," என்று கெஞ்சினார் இராமர்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு ஆறு, இரண்டுக்கு ஆறு, மூன்றுக்கு நாலு. மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் அதேதான். இராமர் தொலைபேசியில் நேரம் பார்த்தார்.

"சரி," என்றார் கொன்ஸ்ரன்ஸ். "இரண்டு வரக்கூடாது. அதுக்காக நான் மூண்டுக்குக் கை தூக்குறன்."

"ஒண்டு வராட்டில் எனக்குப் போதும். நானும் மூண்டுதான்," என்றார் யோகராஜ்.

இரண்டு கட்சிகளும் அவர்கள் பின்னால் போயின. மூன்றாம் நம்பருக்குப் பதினாறு கை. கொன்ஸ்ரன்ஸும் யோகராஜும் தாங்களே வென்ற முகத்தோடு எழுந்தார்கள்.

லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தபடி கொன்ஸ்ரன்ஸ் எச்சரித்தார். "இராமர், இரண்டாம் நம்பரிலை ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. நான் வந்து பார்ப்பன்!"

"சத்தியமா கலக்க மாட்டேங்கம்மா."

எல்லோரும் போன பிறகு சவுந்தரநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெற்றி அவருக்கு இனிக்கவில்லை. "முடிவெடுத்து என்ன பிரயோசனம்? இண்டைக்கு ஞாயிறு, கடை பூட்டு. மூண்டாம் நம்பரைக் கலக்கி எடுக்க இன்னும் ரெண்டு மூண்டு நாள் செல்லும். உம்மடை ஆக்கள் அதுவரைக்கும் நிக்க மாட்டினமே!"

"முப்பது வாளியும் நேத்துக் காலையிலயே வந்திருச்சுங்க சேர். கடையில ரெடியா இருந்துச்சு, எடுத்தாந்து மோட்டர் அறைக்குள்ள அடுக்கிட்டேன்."

"நேற்றோ?" சவுந்தரநாயகம் திகைத்துப்போனார். "மூண்டு வெல்லுமெண்டு நேற்றே உமக்கு எப்பிடித் தெரியும்? சனம் ஒண்டையோ இரண்டையோ எடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்?"

இராமர் தலையைச் சொறிந்தார்.

"அப்பவும் அதே வாளியத்தாங்க தொறந்திருப்பேன், சேர். மூணு சதுரமும் அதுலேருந்து அடிச்சதுதான். வெளிச்சம் படுற பக்கந்தான் வேற வேற."