சனிக்கிழமை தவிர

மூன்றாவது வெடிச் சத்தத்தோடு வேலியில் இருந்த கடைசிக் காகமும் எழும்பிப் பறந்தது.

இராஜேஸ்வரி வாழையிலைத் துண்டை ஏந்திக்கொண்டு பின்வளவில் நின்றாள். இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு வடை. இருபது நிமிடமாகக் கா, கா என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, இப்போதுதான் ஒன்று வந்து இலையை எட்டிப் பார்த்தது; அதுவும் வெடிக்குப் பறந்துவிட்டது.

இன்று ஜெயரட்ணத்தின் ஆட்டைத் திவசம். புருஷன் போய் ஒரு வருடம். காகம் வாய் வைத்தால்தான் அவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதுவரை வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியாது.

உள்ளே வோபர்னிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் வந்த இருபத்துமூன்று பேர் பசியோடு இருந்தார்கள். தில்லையம்பலம் அண்ணை சுகர்காரர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

வேலிக்கு அப்பால் சோளக்காடு. ஸ்ரௌவ்வில் என்ற இந்தக் கனடா ஊரின் புது வீடுகள் அதோடு முடிந்துவிடும். சோளத்தின் ஓரத்தில், வீடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நீலப் பிக்கப் நின்றது. அதன் யன்னலால் துவக்கின் குழல் நீட்டிக்கொண்டிருந்தது.

போன வருடமும் இதே அநியாயம்தான். சோளம் முற்றுகிற காலம் வந்தால் வெடி கேட்கத் தொடங்கிவிடும்.

காகம் கதிரைக் கொத்துகிறதாம், அதற்காகச் சுடுகிறானாம். சரி, சுடட்டும். ஆனால் வண்டியை விட்டு இறங்கமாட்டானாம். ஹீற்றரைப் போட்டு, கோப்பியைக் குடித்துக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தே உயிரை எடுக்கிறான். கொல்லுகிறவன் எழும்பி நின்றாவது கொல்லக் கூடாதா?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. வேலிக் கதவைத் தள்ளித் திறந்து, இலையோடு சேற்றில் இறங்கினாள். மகள் துர்க்கா பின்னால் நின்று கூப்பிட்டாள். காதில் விழாததுபோல நடந்தாள்.

வண்டிக்குள் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரன் ஒருவன். கதவில் ஓங்கித் தட்டினாள். விமான நிலையச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்று தேடிய ஆங்கிலம் முழுவதையும் அவன் மேல் கொட்டினாள். செத்துப்போன என் புருஷனுடைய நாள் இன்றைக்கு. உனக்கு அது காகம். எனக்கு அது அவர். யாரைக் கேட்டுச் சுடுகிறாய்?

அவன் கோபப்படவில்லை. துவக்கிலிருந்த தோட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, தாள்கள் வைத்த பிளாஸ்ரிக் உறை ஒன்றை எடுத்து நீட்டினான்.

முதல் தாள், அவனுடைய இரண்டு முழங்காலும் பழுது, நிறுத்திய வண்டியில் இருந்தபடி சுடலாம் என்ற அனுமதி. அதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. முழங்கால் பழுதென்றால் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே.

இரண்டாவது தாள், சுடுவதற்கு அயல் வீட்டுக்காரர் கொடுத்த சம்மதம். போன வருடம் கதவு கதவாகத் தட்டி வாங்கியதாம். ஏழு கையெழுத்து.

நாலாவது கையெழுத்து ஜெயரட்ணத்தினுடையது.

குப்பைப் பையைக் கிழிக்குது, தக்காளிச் சாடியைக் கிளறுது என்று காகத்தோடு தினமும் மல்லுக்கட்டின மனிசன்தான். அதற்காக ஆளை வைத்துச் சுடுவதா? அதையும் கட்டினவளுக்கு ஒளித்தா? இன்றைக்குத் தன்னுடைய பங்கைத் தானே வெடி வைத்துக் கலைத்துவிட்டார்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள்.

சனிக்கிழமைகளில் சுட வேண்டாம். அன்றைக்கு என் மனைவி காகங்களுக்குச் சோறு வைப்பாள். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

முப்பது வருடமாகச் சனி விரதம் பிடிக்கிறவள் அவள். இந்த வீட்டுக்கு வந்து ஒரு சனிக்கிழமைகூட வெடி கேட்டதில்லை. வெள்ளைக்காரனுக்கு அன்றைக்கு லீவு என்று நினைத்திருந்தாள்.

இன்று புதன்கிழமை. தன் திவசம் ஒரு புதன்கிழமையில் வரும் என்று மனிசனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவள் அந்தப் பெயரில் விரலை வைத்து, இவர்தான் என்றாள். வெள்ளைக்காரன் பெயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

அது அவளுடைய கோபத்தை இன்னும் கிளறியது. கண் கலங்கியது. கலங்கியதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. இரண்டு பேரும் கூட்டு. அவளுக்கு ஒளித்து, அவளுக்காகவே கிழமையில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவனிடம் எழுதிக் கொடுக்கத் தெரிந்த மனிசனுக்கு, பக்கத்தில் படுத்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

இலையை யன்னலால் உள்ளே நீட்டினாள்.

"கலைச்சவன் நீதானே. நீயே சாப்பிடு."

அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. சாப்பாடு விளங்கியது. இரண்டு கையாலும் இலையை வாங்கி, முதலில் வடையைக் கடித்தான். பிறகு விரலால் சோற்றை அள்ளத் தொடங்கினான். கடைசிப் பருக்கை முடியும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றாள்.

வெறும் இலையோடு திரும்பி வந்தபோது துர்க்கா வேலிக் கதவடியில் நின்றாள்.

"என்னம்மா, வந்து சாப்பிட்டதோ?"

"ஓம், சாப்பிட்டாச்சு. எல்லாருக்கும் இலையைப் போடு."