ஏழாம் நம்பர் தட்டு

“இந்த வருஷத்துல இது மூணாவது பாராட்டுக் கூட்டம் அந்தம்மாவுக்கு” என்று சட்டைப் பித்தானைப் போட்டபடி பொருமினார் தேள் சார்.

“உங்களுக்கு ஏன் வயிறு எரியுது? அவங்க சிலந்தி விஷம், நீங்க தேள் விஷம். ரெண்டும் கேன்சருக்கு மருந்து தேடத்தானே?” என்றாள் மனைவி.

“ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இனிமே ஆராய்ச்சிக்கூடத்துல இடம். இன்னிக்குத் தெரிஞ்சுடும்.”

பதினோரு வருஷமாகத் தேள்களோடு மல்லுக்கட்டியவர் அவர். சிலந்தி மேடம் வந்து நாலே வருஷம். தொட்டதெல்லாம் துலங்கியது.

இரண்டு விஷத்தையும் இரண்டு தட்டுகளில் புற்றுநோய் செல்கள் மேல் விட்டிருந்தார்கள். எதில் யாருடைய விஷம் என்பது இயக்குநரின் ஒட்டிய கவருக்குள். தட்டில் வெறும் நம்பர்தான். செத்த செல்களை எண்ணும் வேலை அன்று தேள் சாருக்கு.

பன்னிரண்டாம் தட்டில் நூற்றுக்கு முப்பதுதான் செத்திருந்தன. மற்றவை குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தன.

ஏழாம் தட்டில் எண்பது. கூட இருந்த நல்ல செல்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

‘அவளோடதுதான். வேற யாருக்கு இப்படி அமையும்?’

பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு ஏழுக்கு நேராக ‘இருபது’ என்று எழுதியது.

மதியம் இயக்குநர் கவரைப் பிரித்தார்.

“பன்னிரண்டு, சிலந்தி. ஏழு, தேள். வருத்தமா இருக்கு சார். உங்க ஆராய்ச்சியை இத்தோட நிறுத்திக்க வேண்டியதுதான்.”

தேள் சார் தான் எழுதிய ‘இருபதை’ப் பார்த்தார். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் பதினோரு வருஷம் போகும்.

“ஒரு நிமிஷம்” என்று எழுந்தார் சிலந்தி மேடம். “காலையில தட்டுகளை எடுத்து வச்சது நான்தான். மைக்ராஸ்கோப்புல ஒரு பார்வை பார்த்தேன். ஏழுல முக்காவாசிக்கு மேல செத்திருந்துச்சு. வேற ஆளை விட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்க.”

“எண்ணினா உங்க இடம் போயிடும், மேடம்” என்றார் இயக்குநர்.

“தெரியும் சார்.”

“அப்போ இவர் ஏன் இருபதுன்னு எழுதணும்?”

தேள் சார் பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகினார்.

“இதுகூடவா புரியல?” மேடம் அவரைப் பார்த்துச் சிரித்தார். “பதினோரு வருஷம் பழகின விஷம். பார்த்ததுமே தன்னோடதுன்னு தெரிஞ்சிருக்கும். தனக்குத் தானே மார்க் போட்டுக்கிட்டதா ஆயிடக் கூடாதுன்னு குறைச்சு எழுதியிருக்கார். எனக்கெல்லாம் அந்த மனசு வராது, சார்.”