கவருக்கு என்ன விலை?

"கடைசியாச் சொல்றேன் நதீன். அந்தக் கவரைக் கொடுத்துடுங்க. அதிபரோட தனிப் பேட்டி, முழுசா ஒரு மணி நேரம்!"

அதிபரின் செய்தித் தொடர்பாளர் வெண்டல், உணவகத்து மேசையில் பான்கேக்கை வெட்டியபடியே பேரம் பேசினார். பக்கத்தில் அதிபர் மாளிகை வழக்கறிஞர் ப்ரூஸ்டர், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரமும் அவரு நாயைப் பத்தியே பேசுவாரு. வேற விலை சொல்லுங்க," என்றாள் நிருபர் நதீன். கை, மேசைமேல் இருந்த பழுப்புக் கவரை அழுத்திக்கொண்டிருந்தது.

மோசடி வழக்கில் சிறைக்குப் போன ஹாலண்டுக்கு அதிபர் பொதுமன்னிப்பு கொடுத்திருந்தார். 'அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை' என்றும் அடித்துச் சொன்னார். மூன்று முறை மாளிகைக்கே வந்தான் என்றான் வாசல் காவலாளி. ஆனால் வாய்ச்சொல் போதாது. இன்று மாலைக்குள் பார்வையாளர் பதிவேட்டில் அவன் பெயருள்ள பக்கம் கைக்கு வராவிட்டால் செய்தி குப்பைக்கு என்று ஆசிரியர் மார்கோ சொல்லிவிட்டார். ஆறு மாத உழைப்பு!

அந்தப் பக்கம் தன்னிடம் இருப்பதாகப் போனில் அளந்துவிட்டுத்தான் நதீன் இங்கே வந்திருந்தாள். இருவரில் ஒருவராவது எதையாவது உளறமாட்டாரா என்ற ஆசை. வாய் ஒட்டாத அந்தக் கவருக்குள் இருந்தது அவளுடைய சலவைக்கடை ரசீது.

"கொஞ்சம் திறந்து காட்டுங்களேன். சரக்கைப் பார்க்காம விலை பேசறதா?" என்றார் ப்ரூஸ்டர்.

"பிரிச்ச சரக்குக்கு மவுசு போயிடும் சார்."

வெண்டல் சிரித்துவிட்டார். "நியாயம்தானே! ப்ரூஸ்டர், வெளியே போய் மேலிடத்துக்குப் போன் போடுங்க. அதிபரோட விமானத்துல இந்தம்மாவுக்கு ஒரு சீட் தரலாமான்னு கேளுங்க."

ப்ரூஸ்டர் எழுந்து போனார். பான்கேக்குக்கு ஊற்றும் பாகு ஜாடியை எட்டி எடுத்த வெண்டல், அதை அப்படியே நதீனின் கைகளில் கவிழ்த்துவிட்டார்.

"ஐயையோ! பதினைஞ்சு வருஷமா நாக்கு வழுக்கினதில்லை, இன்னிக்குக் கை வழுக்கிடுச்சே! ஓடிப்போய்க் கழுவுங்க."

இரண்டு கையிலும் பிசுபிசுப்பு. கவரைத் தொடக்கூட முடியவில்லை. ஓடினாள், அதைவிட வேகமாகத் திரும்பினாள். கவர் வைத்த இடத்திலேயே இருந்தது. வெண்டல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார். அப்பாடா!

"சீட்டெல்லாம் கிடையாதாம்," என்று வந்தார் ப்ரூஸ்டர்.

"அப்ப பேரம் முடிஞ்சுது!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார் வெண்டல். "எழுதறதை எழுதிக்கோங்க தாயே! கவரை மட்டும் பத்திரமாக் கொண்டு போங்க!"

அலுவலகத்தில் மார்கோ கேட்டார்: "என்ன கிடைச்சுது?"

"சட்டை முழுக்கக் கறை. ஒருத்தரும் வாயைத் திறக்கல சார்." கவரை அவர் முன்னால் போட்டாள். "அதுல இருக்கிற ரசீதை எடுத்துக் கொடுங்க. இந்தச் சட்டையும் சலவைக்குத்தான் போகணும்."

மார்கோ கவரை உதறினார். ரசீதோடு ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தது பார்வையாளர் பதிவேட்டின் ஒரு பக்கம். ஹாலண்டின் பெயர் மூன்று இடத்தில், ஓரத்தில் பாகு படிந்த கட்டைவிரல் ரேகை.