காகத்தைத் தாங்காத மரம்

முன்பெல்லாம் மரத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆலையில், மரத்தூள் அமிலத்தில் ஆறு மணி நேரம் வெந்தால்தான் இளகும். மர நார்களை இறுக்கிப் பிடித்துக் கிளைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் குறைந்த மரவகையை ஆலைக்குத் தேர்ந்தெடுத்தவர் ஆவுடையப்பன். அது அரைமணியில் கூழானது. இப்போது ஊரெல்லாம் அந்த மரம்தான். கூடு கட்டினால் கிளை தொய்ந்துவிடும். காகங்கள் ஒவ்வொன்றாக ஊரை விட்டுப் போயின.

ஆடி அமாவாசையன்று, இறந்துபோன மனைவிக்காக மாடியில் சோறு வைத்துக் காத்திருந்தார்.

"மணி மூணாச்சுப்பா, நீங்க சாப்பிடுங்க," என்றாள் மகள் போனில்.

"அவ சாப்பிடாம நான் எப்படிம்மா சாப்பிட?"

போனை வைத்துவிட்டு, "கா... கா..." என்று அழைத்தார். எங்கிருந்தோ பதில் வந்தது. ஆவலோடு திரும்பினார்.

எதிர் மாடியில் இன்னொரு மனிதர், கையில் சோற்று உருண்டையோடு, வெறும் வானத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.