பதினொன்று இருபதுக்கு வந்தவர்

பத்து மணிக்குப் பேச வேண்டியவர் பதினொன்று இருபதுக்குத்தான் உள்ளே வந்தார். பேச வேண்டிய தலைப்பு: 'சரக்கை நேரத்துக்குச் சேர்ப்பது எப்படி? சப்ளை செயின் துறையில் வேலைவாய்ப்புகள்.'

ஹாலில் இருநூறு மாணவர்கள். பாதிப் பேர் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, அடுத்த தூக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அவரைப் பார்த்ததும் கைதட்டினார்கள். கூடவே விசில்.

அந்தக் கல்லூரி பிரின்சிபாலுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'அலாரம்'. யாராவது ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் போதும், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அடிப்பார். மேடை ஓரத்திலேயே விருந்தாளியை மடக்கினார்.

"என்ன சார், அவ்வளவு பெரிய கிடங்குக்கு மேனேஜர் நீங்க. தினம் எண்பது லாரி அனுப்புறீங்க. உங்களை நீங்களே நேரத்துக்கு அனுப்பிக்க முடியலையா? பத்து மணின்னா பத்து மணி இல்லையா?"

மேனேஜர் திகைத்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். "சார், எனக்கு..."

அதற்குள் பிரின்சிபால் பின்னால் திரும்பிவிட்டார். அங்கே தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஆபீஸ் கிளார்க் நின்றிருந்தார். சேர்ந்து நாலு மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஏம்மா, லெட்டர் ஒழுங்கா அனுப்பினீங்களா? விளையாட்டு விழாவுக்குப் போன வருஷத் தேதியைப் போட்டீங்க. பரீட்சை நோட்டீஸ்ல ஞாயித்துக்கிழமைன்னு போட்டீங்க. இதுலயும் கோளாறுன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம், சொல்லிட்டேன்!"

"அனுப்பினேன் சார்." பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

மேனேஜரின் கை பையிலிருந்து வெளியே வந்தது. கையில் கைக்குட்டை. முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"லெட்டரெல்லாம் நல்லபடியா வந்துச்சு சார். தப்பு என்மேலதான். வர்ற வழியில டீ குடிக்க உக்காந்தேன். நல்லா இருந்துச்சேன்னு இன்னொண்ணு சொன்னேன்."

"ரெண்டு டீக்கு ஒன்றேகால் மணி நேரமா?"

"ரொம்பச் சூடா இருந்துச்சு சார்."

முன்வரிசை வெடித்துச் சிரித்தது. பிரின்சிபால் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கை நீட்டினார்.

"சப்ளை செயின்னா கழுத்துல போடுற செயின் இல்ல, கழுத்தைப் பிடிக்கிற செயின்" என்று ஆரம்பித்தார் மேனேஜர். மேஜையிலிருந்த சாக்பீஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது இங்க வந்து சேரணும்னா எத்தனை பேர் வேணும் தெரியுமா? இந்த வருஷம் எத்தனை பெட்டி தேவைப்படும்னு முன்னாடியே கணிக்க ஒருத்தர். யார்கிட்ட வாங்கினா மலிவு, யார் நம்ம தலையில மிளகாய் அரைப்பான்னு பார்த்து வாங்க ஒருத்தர். கிடங்குல எந்த அடுக்குல வெச்சோம்னு மறக்காம இருக்க ஒருத்தர். எந்த லாரி எந்த வழியாப் போகணும்னு சொல்ல ஒருத்தர். கடைசியா, 'இன்னும் வரலையே'ன்னு ஃபோன்ல திட்டு வாங்க ஒருத்தர். அந்தக் கடைசி வேலைக்கு எப்பவும் ஆள் தேவை. நான் அதுலதான் சேர்ந்தேன்."

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசைப் பெண் எழுந்தாள். "சார், இதெல்லாம் மூட்டை தூக்குற வேலைன்னு எங்க அப்பா சொல்றார்."

"அப்பா சொல்றது சரிதாம்மா. முதல் வருஷம் நானும் தூக்கினேன். அதனாலதான் ஒரு ஆள் தலையில எவ்வளவு ஏத்தலாம்னு இப்போ தெரியுது."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், சரக்கு லேட்டானா என்ன செய்வீங்க? டீ குடிப்பீங்களா?"

ஹாலே அதிர்ந்தது. மேனேஜரும் சேர்ந்து சிரித்தார்.

"முதல்ல 'சரக்கு இப்போ எங்க இருக்கு'ன்னு கேப்பேன் தம்பி. 'யார் தப்பு'ன்னு கேக்கறதெல்லாம் அப்புறம்தான். எடுத்த எடுப்பிலேயே யாருன்னு கேட்டோம்னு வைங்க, எல்லாரும் பயந்து வாயை மூடிக்குவாங்க. அப்புறம் சரக்கும் வராது, உண்மையும் வராது."

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஆறு பேர் அவருடைய கிடங்கில் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசைப் பெண்தான் முதல் பெயர்.

நன்றியுரை பிரின்சிபாலுடையது. "இவர்கிட்டேயிருந்து எல்லாத்தையும் கத்துக்கங்க. நேரம் தவறாமையை மட்டும் என்கிட்ட கத்துக்கங்க" என்றவர், நினைவுப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார். "இனிமேலாவது உபயோகப்படும்."

மேனேஜர் பணிவாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் காரில் ஏறும்போது கிளார்க் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், கடிகாரத்தை மேடையிலேயே வெச்சிட்டு வந்துட்டீங்க."

"அடடா, வீட்டுக்கு வேற லேட்டாப் போயிடப் போறேன்" என்று வாங்கிப் பின் சீட்டில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. அடுத்ததை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

கார் கிளம்பிப் போயிற்று. கிளார்க் தாளைப் பிரித்தார். அவரே டைப் அடித்த அழைப்புக் கடிதம். கீழே, படித்துப் பார்க்காமலே பிரின்சிபால் போட்ட பச்சை மைக் கையெழுத்து. நடுவில், கொட்டை எழுத்தில், நேரம்: காலை 11.30.

மனிதர் பத்து நிமிஷம் முன்னாடியே வந்திருந்தார்.