றஹீமா சொன்ன முடிவு

"றஹீமாக்கா பொய் சொல்லியிருக்காங்க!"

நிரஞ்சனி புத்தகத்தை மேசையில் போட்ட வேகத்தில் பிளேன்டீ கோப்பைகள் ஆடின.

அலுவிகாரையில், ரிஸ்வியின் மருந்துக்கடை மாடியில், மாதக் கடைசி ஞாயிறு நாங்கள் கூடுவோம். படித்ததைப் பேசுவோம், நல்ல புத்தகமென்றால் கைமாற்றிக்கொள்வோம். சண்டை வந்தால் பெரும்பாலும் தட்டில் மிஞ்சிய கடைசி ரோல்ஸுக்காகத்தான் வரும். அன்றைக்குப் புத்தகத்துக்கே வந்துவிட்டது.

"என்ன பொய்?" என்றார் ரிஸ்வி.

"நான் வாசிக்கப் பழகினதே இவங்க சொன்ன கதைகளாலதான். அது ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு றஹீமா, நிரஞ்சனி உட்பட ஆறு பெண்கள், ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் கராம்பு தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார்கள். மேசையில் புத்தகம் வைக்க முதலாளி விடமாட்டார். வாய்க்குத் தடையில்லை. வீட்டில் வாசித்ததை றஹீமா வேலை நேரத்தில் சொல்லுவார். கதை சொன்னால் அவர் கை ஓடாது. அதனால் அவர் முன்னால் கிடக்கும் குவியலில் ஆளுக்கொரு கை அள்ளி, தங்கள் பக்கம் போட்டுக்கொள்வார்கள் மற்ற ஐந்து பேரும். என்ன காலம் அது! இப்போது யார் நமக்குக் கதை சொல்ல, யார் நம் பங்கை அள்ள?

"இந்த நாவல பத்து நாளா சொன்னாங்க" என்று தொடர்ந்தார் நிரஞ்சனி. "சாப்பாட்டு நேரத்துலகூட நாங்க விடல. அதுக்குப் பொறகு இந்தப் புத்தகம் எங்கயும் கெடைக்கல. போன வாரந்தான் கிஷாந்த் கொழும்புல பழைய புத்தகக் கடையில கண்டுபிடிச்சு வாங்கிட்டு வந்தான்."

அம்மாவைக் கூட்டிவந்த கிஷாந்த், கதவோரம் நின்று சங்கடமாகச் சிரித்தான்.

"நேத்து முடிச்சேன். இவங்க சொன்ன முடிவு இதுல இல்ல! பொறந்த புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தாய் ஊருக்குப் போறான்னு சொன்னாங்க. இதுல புள்ள மூணாம் நாளே செத்துப்போகுது."

றஹீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "மறந்திருப்பேன் புள்ள. எவ்வளவு காலம்."

"அன்னைக்கு வாசிச்ச கையோடதானே சொன்னீங்க? எப்படி மறக்கும்? கடைசிப் பக்கத்த வாசிக்காமலே அளந்திருக்கீங்க! மத்த கதையெல்லாம் இனி நான் எப்படி நம்புறது? ஒங்க பங்கு கராம்பையும் சேர்த்துப் பொறுக்கினோமே, இதுக்கா?"

நிரஞ்சனியின் குரல் உடைந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று எங்களுக்கே புரிந்தது.

ரிஸ்வி நெளிந்தார். அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளிடம் வாசிப்பைப் பற்றிப் பேச றஹீமாவைத்தான் போட்டிருந்தார். "அப்ப அந்தப் பேச்சுக்கு வேற யாரையாவது..." என்று இழுத்தார்.

"நிரஞ்சனி பேசட்டும். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிற ஆள்" என்று றஹீமா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காரு றஹீமா."

மூலையிலிருந்து ராசம்மா. அந்த ஆறு பேரில் இவரும் ஒருவர். எழுத்துக்கூட்டத் தெரியாது. இன்றைக்கும் கதை கேட்கத்தான் வருவார்.

"வேணாம் ராசம்மா. விடு."

"இன்னும் எத்தன வருசம் விடுறது?" ராசம்மா நிரஞ்சனியின் பக்கம் திரும்பினார். "அவ முழுசாத்தான் வாசிச்சா. முடிவச் சொல்ல வேண்டிய அன்னைக்குக் காலையில, பஸ்ஸுக்கு நிக்கிற ஹோல்ட்ல எங்க நாலு பேருக்கும் நெசமான முடிவச் சொல்லி அழுதா. இத எப்படி நிரஞ்சனி முன்னாடி சொல்றதுன்னு கேட்டா. நாங்கதான் மாத்திச் சொல்லச் சொன்னோம்."

"எனக்கு மட்டும் ஏன்?"

ராசம்மா கதவோரம் நின்ற கிஷாந்தைக் கை காட்டினார்.

"நீ மூத்தத பறிகொடுத்து ஒரு வருசங்கூட ஆகல. இவன் அப்ப ஒன் வயித்துல ஏழு மாசம்."