கண்ணில் படுவதை மட்டும்

"இன்னைக்கும் தூங்கிட்டாரா?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்த அக்கா, கைப்பையைச் சோபாவில் போட்டாள்.

ஜன்னலோரம் மர நாற்காலியில், ஒரு கை மடியிலும் ஒரு கை கைப்பிடியிலுமாக, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார் தங்கையின் வீட்டுக்காரர். எதிரே சாப்பாட்டு மேஜையில் பென்சிலும் ஸ்கெட்ச் புக்குமாகத் தங்கை.

"நான் பென்சிலைத் தொட்டாப் போதும், மனுஷனுக்குத் தூக்கம் வந்துடும்" என்றாள் அவள். "தாலாட்டுப் பாடினாக்கூட இவ்வளவு சீக்கிரம் யாரும் தூங்க மாட்டாங்க."

பள்ளிக்கூட நாட்களில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைந்து தள்ளியவள்தான். ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை, கல்யாணம், மகள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, பென்சில் எந்த மூலைக்குப் போனது என்றே தெரியவில்லை. அது போனதை வீட்டில் யாரும் கவனிக்கக்கூட இல்லை என்பதுதான் அவள் மனக்குறை.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் மறுபடி ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. போனில் வீடியோவைப் போட்டுவிட்டுத் தானே பழகுவதுதான். முதலில் நேர்கோடு. அப்புறம் வட்டம், பெட்டி, உருளை. மணிக்கட்டை ஆட்டாதே, தோளிலிருந்து கையை வீசு. முட்டைக்கு ஒழுங்காக நிழல் போடத் தெரியாமல் முகத்துக்குப் போகாதே. இப்படி ஏகப்பட்ட கண்டிஷன். வீட்டிலிருந்த டம்ளர், பூட்டு, செருப்பு எல்லாம் தீர்ந்த பிறகு, 'இனி உயிருள்ள ஆளை உட்கார வைத்து வரை' என்றது வீடியோ.

அவரைத்தான் உட்கார வைத்தாள். உட்கார்ந்தவர், வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்தார். அவ்வளவுதான். மூக்கு ஒரு பக்கம் போனது, கண் ஒரு பக்கம் போனது.

"நீங்க இப்படிப் பார்த்துட்டே இருந்தா எனக்குக் கோடே வரமாட்டேங்குது!" என்று எரிந்து விழுந்து, தாளைக் கிழித்துப் போட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஆரம்பித்தது இந்தத் தூக்கம். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வருவார். கிரீஸ் போகக் கையைக் கழுவுவார். அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் மத்தியானமே.

"கட்டில் இருக்கு, சோபா இருக்கு. முதுகை ஒடிக்கிற இந்த நாற்காலியிலதான் தூங்கணுமா?" என்றாள் அக்கா.

"என்னமோ போ. ராத்திரி இவர் விடுற குறட்டையில எனக்குத் தூக்கம் கிடையாது. நான் வரைய உட்கார்ந்தா இவர் முழிச்சிருக்கிறது கிடையாது."

"எப்படி வரையுறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்காரா?"

"ஊஹூம்."

"ரசனை கெட்ட மனுஷன்டி."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அதான்க்கா, இன்னையோட மூட்டை கட்டிடலாம்னு இருக்கேன். இந்தக் கையை மட்டும் முடிச்சுட்டு. இந்த வயசுல யாருக்காக இதெல்லாம்?"

முதல் தடவை விட்டபோது தெரியாத வலி, இந்தத் தடவை நன்றாகவே தெரிந்தது.

சமாதானம் சொல்லத் தெரியாத அக்கா, ஸ்கெட்ச் புக்கை இழுத்துப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் அவர்தான். ஆரம்பத்தில் கழுத்தே இல்லாமல், பூசணிக்காய்த் தலையோடு. போகப் போகக் கழுத்து முளைத்தது, தோள் இறங்கியது, விரல்களுக்கு எலும்பு வந்தது. கடைசிப் படத்தைத் தெருவில் யாரிடம் காட்டினாலும் அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

"அட, அச்சு அசலா இருக்கேடி!" என்று வாயைப் பிளந்த அக்கா, "ஆனா ஒண்ணு, அழகா தெரியணும்னு வாயை மூடி வரைஞ்சிட்டே" என்றாள். "குறட்டை விடுறவங்க இப்படியா தூங்குவாங்க? எங்க வீட்டுக்காரர் வாய்க்குள்ள ஈ போய்ட்டு, சுத்திப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடும்!"

"நான் எதுக்கு மாத்தி வரையப்போறேன்? மனசுக்குத் தெரிஞ்சதை வரையாதே, கண்ணுல படுறதை மட்டும் வரைன்னுதான் முதல் பாடமே. மூடியிருந்துச்சு, மூடி வரைஞ்சேன். நான் என்ன..."

பேச்சு பாதியில் நின்றது.

புக்கை வாங்கி முதலிலிருந்து புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் வாய் மூடித்தான் இருந்தது. ஒரு பக்கத்தில்கூடத் தலை துவண்டு விழவில்லை. முகம் எப்போதும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தே சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் அவள்தான் வரைந்திருந்தாள், அவள்தான் பார்க்கவில்லை.

இத்தனை நாளில் அந்த நாற்காலியிலிருந்து ஒரு குறட்டைகூடக் கேட்டதில்லையே!

மெல்ல நிமிர்ந்தாள். அவருடைய கால் மரத்துப்போயிருக்க வேண்டும். விரல்கள் லேசாக நெளிந்தன. அவள் பார்ப்பது தெரிந்ததுபோல் சட்டென்று அடங்கின.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

ஒன்றும் புரியாத அக்கா குரலை உயர்த்தினாள். "என்னடி ஆச்சு? எழுப்பு அவரை. பொண்டாட்டி வரையுறதை ஒரு நாளாவது கண்ணைத் திறந்து பார்த்தா என்னன்னு நானே கேக்குறேன்!"

"ஸ்ஸ்... மெதுவா பேசுக்கா" என்றாள் அவள். "அவர் தூங்குறார்."